சவப்பெட்டியில் படுத்தது

பிப்ரவரி 11, செவ்வாய்

துபாய் பக்கம் ஹத்தா மலையில் ஒரு வெளிநாட்டுப் படத்துக்காக அமெரிக்க மலையூர் ஒன்றை மரத்தால் செட் போட்டிருக்கிறோம். இன்று அங்கே சாவு ஊர்வலக் காட்சி எடுத்தார்கள். பிணமாக நடிக்க வேண்டியவர் வரவில்லை. சவப்பெட்டி செய்த தச்சன் நான்தான் என்று என்னையே படுக்கச் சொன்னார்கள். படுத்தேன். கூட வேலை பார்க்கும் ரூம்மேட் முருகேசன் அதைப் படம் பிடித்து விளையாட்டாக வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டுவிட்டான்.

டூட்டி முடிந்து ரூமுக்கு வந்ததும் மனைவி செல்வி ஊரிலிருந்து வீடியோ காலில் அழுதாள்.

"நீங்க பெட்டியில வந்துரக் கூடாதுன்னு தினம் சாமி கும்பிடுறேன். நீங்களே போய்ப் படுத்தீங்களா?"

"நடிப்புதான் செல்வி."

"எந்திரிச்சு நடந்து காட்டுங்க. கால் தெரியணும்."

முருகேசன் போனை வாங்கித் தாழ்த்திப் பிடித்தான். அவள் போதும் என்று சொல்லும்வரை கட்டிலுக்கும் கதவுக்குமாக நடந்தேன்.