உணர்ச்சி நரம்பெல்லாம் நல்லா இருக்குது

இன்று சர்க்கரைக்கு ரத்தம் கொடுக்கப் போயிருந்தேன். லேபில் இருந்த பெண் ஸ்பிரிட் நனைத்த பஞ்சைக் கையில் தேய்த்ததும், சென்னையில் உங்களோடு உட்கார்ந்திருந்த அந்த ஏசி அறை கண்முன்னே வந்து நின்றது. நீங்கள் போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது. கட்டின புருஷனுக்கு இதுவரை ஒரு வரி எழுதவில்லை. எழுத ஒன்றும் தோன்றவில்லை, அதுதான் நிஜம்.

நம் பாத்திரக் கடைப் பூட்டில் உங்களால் சாவியைத் திருப்ப முடியாமல் போனதில்தான் எல்லாம் ஆரம்பித்தது. பூட்டு கெட்டுப்போச்சு என்று புதுப்பூட்டு வாங்கினீர்கள். அதுவும் உங்கள் கைக்குத் திறக்கவில்லை, என் கைக்குத் திறந்தது. அப்புறம்தான் டாக்டர் நரம்பில் கரண்ட் வைத்துப் பார்க்கச் சொல்லி சென்னைக்கு அனுப்பினார்.

பரிசோதனை செய்கிற பெண் உங்கள் கையில் ஸ்டிக்கர் ஒட்டி, மணிக்கட்டில் கரண்டை வைத்தாள். உங்கள் கட்டைவிரல் துள்ளியது. "பாத்தியா? நான் சொன்னா கேக்க மாட்டேங்குது, கரண்ட் சொன்னா கேக்குது" என்று சிரித்தீர்கள். எனக்கு எரிச்சல். எந்த இடத்தில் விளையாடுவது என்று உங்களுக்கு எப்போதுமே தெரியாது. பிறகு சதைக்குள் ஊசி இறங்கியது. மெஷினிலிருந்து தகரத்தில் மழை விழுகிற மாதிரி சத்தம் வந்தது. அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

"எப்டிமா இருக்குது?" என்று கேட்டேன்.

"உணர்ச்சி நரம்பெல்லாம் நல்லா இருக்குதுமா. மத்தத டாக்டர் சொல்வாரு."

எனக்கு அது போதுமாக இருந்தது. பஸ் ஏறுவதற்கு முன்பே உங்கள் அண்ணனுக்குப் போன் போட்டு, நரம்பெல்லாம் நல்லா இருக்குதாம் என்று சொல்லிவிட்டேன். நம் ஜைன வழக்கப்படி பொழுது சாய்ந்துவிட்டால் நீங்கள் வாயில் எதுவும் வைக்க மாட்டீர்களே என்று, வெளிச்சம் இருக்கும்போதே ஓட்டலில் இட்லி வாங்கினோம். விண்ட துண்டு உங்கள் விரலில் நிற்கவில்லை. அத்தனை பேர் எதிரில் நான் ஊட்டினேன். "ஊரு சிரிக்கப் போவுதுடி" என்றீர்கள், ஆனால் வாயைத் திறந்தீர்கள்.

மறுநாள் திருப்பருத்திக்குன்றத்துக் கோயிலில் பாலபிஷேகம் வேறு செய்தேன். ஐந்து நாள் சந்தோஷமாக இருந்தேன். ஆறாம் நாள் டாக்டர் சொன்னார்: இந்த நோயில் அசைக்கிற நரம்புதான் சாகும், தொட்டால் தெரிகிற நரம்பு கடைசிவரை இருக்கும்.

கேட்டும் எனக்குப் புத்தி வரவில்லை. அசையாத கால் மரத்துப்போன கால்தானே என்று நினைத்துக்கொண்டேன். ஒருநாள் குளிப்பாட்டும்போது கொதிக்கிற வெந்நீரை அப்படியே ஊற்றினேன். நீங்கள் காலை இழுத்துக்கொள்ளவில்லை. நாக்கும் குழறிப்போயிருந்த நேரம் அது. "சுடுது" என்ற ஒரு வார்த்தை வெளியே வர அவ்வளவு நேரம் ஆனது. அதற்குள் இரண்டாவது சொம்பும் ஊற்றிவிட்டேன். பாவி நான். நீங்கள் திட்டக்கூட இல்லை, திட்ட முடியாது. அன்றிலிருந்து முழங்கையை விட்டுப் பார்க்காமல் ஒரு சொம்பு தண்ணீர்கூட உங்கள்மேல் ஊற்றியதில்லை.

நீங்கள் போன அன்று தை மாதக் குளிர். கடைசிக் குளியலுக்கு உங்கள் அண்ணி குழாய்த் தண்ணீரைக் குடத்தில் பிடித்து வந்தார். நான் குடத்தைப் பிடுங்கிக்கொண்டேன். "பச்சத் தண்ணி ஊத்தாதீங்கக்கா. அவருக்குத் தெரியும்."

"போனவருக்கு இனிமே என்னாமா தெரியப்போவுது?" என்றார் அவர்.

"எல்லாம் தெரியும். டெஸ்ட்ல எழுதிக் குடுத்திருக்காங்க!" என்று கத்தினேன். எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும். வாசலில் அத்தனை பேரும் காத்திருக்க, நான் உள்ளே போய் வெந்நீர் வைத்தேன். முழங்கையை விட்டுப் பார்த்தேன். கொஞ்சம் பச்சைத் தண்ணீர் விளாவி, நானே ஊற்றினேன். அன்றும் அழுகை வரவில்லை.

இன்னமும் வரவில்லை. கடை திறக்கிறேன், சமைக்கிறேன், யார் என்ன கேட்டாலும் பதில் சொல்கிறேன். கை கால் எல்லாம் நன்றாகத்தான் ஓடுகிறது. போன வாரம் அடுப்பிலிருந்து சாதப் பானையை வெறுங்கையால் இறக்கி வைத்துவிட்டேன். கொப்புளம் எழும்பின பிறகுதான் துணி பிடிக்க மறந்தது தெரிந்தது.