பழைய மெஷினும் என் நாற்காலியும்

என் வீட்டரசிக்கு,

இங்கே நடந்தது அத்தனையையும் நான் முன்கூட்டியே சொல்லிவிட்டேன் என்பதை முதலில் தெரிந்துகொள். நான் நலம். உன் இருமல் விட்டதா?

எங்கள் ஆபீஸில் ஒரு பழைய கம்ப்யூட்டர் மெஷினை யாரும் பயன்படுத்தவில்லை என்று இன்ஜினியர் நீக்கப் போனான். டீ கொடுக்கப் போன நான், "தம்பி, கை வைக்காத. அது ஆணிவேரு" என்றேன். உடனே அவன் தன் கம்ப்யூட்டரின் கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி தட்டினான். எது எதை நம்பி ஓடுகிறது என்று இன்ஜினியர்கள் எழுதிவைத்த குறிப்பெல்லாம் கட்டமும் அம்புமாகப் படமாய் விரிந்தது. அத்தனை அம்பும் அந்தக் கிழட்டு மெஷினைப் பார்த்தே நின்றன! நீக்கியிருந்தால் ஆபீஸ் கதவுகூடத் திறந்திருக்காது. "அண்ணே, நீங்க தெய்வம்ணே" என்று காலில் விழாத குறை.

என் பழைய நாற்காலி இடத்தை அடைக்கிறது, தூக்கிப் போடவா என்று கேட்டிருந்தாய். பொறு. அதில் யார் உட்காருகிறார்கள், துணியாவது காயப்போடுகிறீர்களா என்று பார்த்து எழுது. அப்படியே ஒரு போட்டோவும் அனுப்பு.

வேலைக்கு நேரமாகிவிட்டது. மேலே எழுதியதில் ஒன்று மட்டும் கட்டுக்கதை. நான் தடுக்கவில்லை. "பழசு எதுக்கு தம்பி, தூக்கிடு" என்றுதான் சொன்னேன். படம்தான் காப்பாற்றியது.

நாற்காலி இருக்கட்டும்.

உன் வீட்டுக்காரன்