நீ வேண்டிக்கொண்டது நடக்கவில்லை, அம்மா

என் சண்டைக்கார அம்மாவுக்கு,

முதலில் சேதியைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் நீ திட்டிக்கொள். எனக்கு லா காலேஜில் சீட்டு கிடைத்துவிட்டது. திருப்பதியிலேயே. வருகிற வாரம் வகுப்பு ஆரம்பம். எந்தப் படிப்பின் பேரைச் சொன்னாலே உனக்குப் பற்றிக்கொண்டு வருமோ, அதில் உன் மகள் சேர்ந்தே விட்டாள்.

மனசு எவ்வளவு லேசாக இருக்கிறது தெரியுமா? ரிசல்ட் வந்த அன்று வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் பட்டப்பகலில் குறட்டை விட்டுத் தூங்கினேன். உன் மருமகன் வந்து பார்த்துவிட்டு, "ஏ மஞ்சுளா, இன்னா ஆச்சு உனக்கு? ஒடம்பு கிடம்பு சரியில்லியா?" என்று உலுக்கி எழுப்பினார். ஒன்றும் ஆகவில்லை, தூக்கம் வருகிறது என்றேன். இரண்டு வருஷமாக வராத தூக்கம் அது.

உனக்கும் லாவுக்கும் என்ன பகை என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்லிப் பார்க்கிறேன். தப்பாகச் சொன்னால் நடுவில் புகுந்து திருத்த மாட்டாயா என்ற நப்பாசைதான்.

நைனா போன பிறகு பெரியப்பா கிணற்றுப் பங்குக்காக உன்மேல் கேஸ் போட்டார். நீ கங்காதர நெல்லூரில் பஸ் ஏறி சித்தூர் கோர்ட்டுக்குப் போவாய். பாவாடை சட்டையில் நானும் கூட வருவேன். காலையிலிருந்து வராண்டாவில் நிற்போம். நம் வக்கீல் கோட்டு பறக்க வெளியே வருவார், "வாய்தா" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். எதற்காகத் தள்ளிப்போட்டார்கள், உள்ளே யார் என்ன பேசினார்கள் என்று நீ பின்னாலேயே ஓடிக் கேட்டால், "நீக்கு அர்த்தம் காதம்மா" என்பார். உனக்குப் புரியாதாம். ஒருவழியாகத் தீர்ப்பு உன் பக்கம் வந்தது. அதற்குள் கிணறு வற்றிப்போயிருந்தது.

அப்படிப்பட்ட உன்னிடம் போய், லா காலேஜ் நுழைவுத் தேர்வு எழுதப் போகிறேன் என்றேன். கரண்டியோடு வெளியே வந்தாய். "இன்னாடி சொல்ற? ஊர்ல வேற படிப்பே இல்லியா? அந்தக் கும்பல்ல போய் சேரப்போறியா? பொய்யக் கூலிக்குப் பேசறவங்க அவங்க! நான் உசுரோட இருக்கற வரைக்கும் அது நடக்காது, ஆமா!" என்றாய். அந்த வராண்டாவில் நின்று நின்றுதான் எனக்கு இந்த ஆசையே வந்தது என்றேன். நீ காது கொடுக்கவில்லை.

அதற்கப்புறம் நம் வீட்டில் நடந்த கூத்து எப்படி மறக்கும்? நான் மாவு அரைத்துக்கொண்டே போனில் தெலுங்கு வகுப்பு கேட்பேன். போனுக்குள் இருக்கும் சார், சட்டத்தின் முன் எல்லாரும் சமம் என்பார். அடுப்படியிலிருந்து நீ, "அட போடா! சித்தூர்ல வந்து நின்னு சொல்லு" என்பாய். அவர் பாடம் எடுக்க, நீ பதில் சொல்ல, எனக்கு ஒரு வரிகூட மண்டையில் ஏறாது.

பள்ளிக்கூடத்தில் தமிழ் மீடியம் படித்தவள் நான். தேர்வோ இங்கிலீஷிலும் தெலுங்கிலும்தான் வரும். தெலுங்கு பேசச் சொன்னால் நாளெல்லாம் பேசுவேன், எழுத்தைப் பார்த்தால் கூட்டிக்கூட்டித்தான் படிக்க வரும். இங்கிலீஷில் ஒரு தரம், தெலுங்கில் ஒரு தரம், அதைத் தமிழில் மனசுக்குள் ஒரு தரம் என்று கேள்வியைப் புரட்டுவதற்குள் நேரம் போய்விடும். நீ பார்த்துவிட்டுக் கேட்டாய், "மூணு பாஷையில எதுல பொய் சொல்லப்போற?" என்று. கோபத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

போன வருஷம் மார்க்கு போதவில்லை. நேரமும் போதவில்லை, கடைசிப் பக்கத்தை நான் கண்ணாலேயே பார்க்கவில்லை. ரிசல்ட் அன்று நான் ஒரு மூலையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கிறேன், நீ அடுப்பில் போளி தட்டிக்கொண்டிருக்கிறாய். யாருக்கு என்ன பண்டிகை என்று கேட்டேன். "சும்மா துன்னு பாரு, நெய் வுட்டிருக்கேன்" என்றாய். அழுதுகொண்டே மூன்று தின்றேன். இன்னும் ஒரே வருஷம், அதிலும் வராவிட்டால் நானே விட்டுவிடுகிறேன் என்று அன்றைக்குச் சொன்னேன். நீ நாலாவது போளியை என் தட்டில் வைத்தாய்.

தை மாதத்தில் ஒருநாள் காலை நீ எழுந்திருக்கவே இல்லை. அதைப் பற்றி இப்போது எழுத முடியாது அம்மா.

காரியமெல்லாம் முடிந்து சாமி அலமாரியைத் துடைக்கும்போது, பெருமாள் படத்துக்குப் பின்னால் மஞ்சள் துணியில் முடிந்த காசு இருந்தது. என்ன வேண்டுதலோ, வைத்தவள் போய்விட்டாள், இனி பிள்ளைகள்தான் தீர்க்க வேண்டும். திருப்பதியில் இருக்கும் உன் தங்கைக்குத் தெரியாமலா இருக்கும்? சின்னம்மாவைக் கேட்டேன். முதலில் மழுப்பினாள். விடாமல் பிடித்துக்கொண்டேன்.

"நீ அந்தப் பரிட்சை பாஸ் ஆவக்கூடாதுன்னு முடிஞ்சி வெச்சாடி. ஆவலேன்னா முழு மொட்டை போடறேன்னு சாமிகிட்ட சொல்லிக்கினா. பெத்த பொண்ணுக்கு எவளாவது இப்பிடி வேண்டிக்குவாளான்னு நான்கூட கேட்டேன். நான் சொல்லி எப்போ கேட்டிருக்கா உங்கம்மா?"

அடிப்பாவி அம்மா! முதலில் ஆத்திரம் வந்தது. அப்புறம் அந்தப் போளி ஞாபகம் வந்து வயிறு வலிக்கச் சிரித்தேன். சிரித்து ஓய்ந்ததும் பயம் பிடித்துக்கொண்டது. நீ கேட்டதைப் பெருமாள் செய்துவிட்டார். உன் முடி அவருக்குப் போய்ச் சேரவில்லை. அந்த பாக்கி நிற்கும்போது என்னைப் பாஸ் ஆக விடுவாரா? அரசியல் சட்டத்தையே கரைத்துக் குடித்துக்கொண்டிருந்தவள்தான். ஆனாலும் புத்தகத்தைத் திறந்தால் எழுத்தெல்லாம் மறைந்து உன் மொட்டைதான் தெரிந்தது.

வீட்டில் பெரிய வாதம் நடந்தது. உன் மருமகன் உன் கட்சி இல்லை என்று உனக்கே தெரியும். "அத்தை எப்பவுமே பாஸ் ஆவக்கூடாதுன்னுதானே வேண்டிக்கினாங்க? இந்த வருசம் இவ பாஸ் ஆயிட்டா வேண்டுதல் நடக்கலேன்னுதானே அர்த்தம்? அப்போ எதுக்கு மொட்டை?" என்றார். சின்னம்மா விடுவாளா? "போன வருசம் பெயிலானாளா இல்லியா? நடந்ததுக்குக் குடுத்துத்தான் ஆவணும். சாமி காரியத்துல வெளையாடாதீங்க" என்றாள். இரண்டு பேர் சொல்வதும் சரியாகவே பட்டது எனக்கு.

கடைசியில் நானே கொடுக்கிறேன் என்றேன். மூன்று கத்தரி கொடுத்தால் போதும், பொம்பளைங்க நுனியைத்தான் வெட்டிக் கொடுப்பாங்க என்று சின்னம்மா இறங்கி வந்தாள். நீ சொன்னது முழு மொட்டை. உன் வார்த்தையில் நான் கத்தரி வைக்க மாட்டேன்.

தேர்வுக்கு நாலு நாள் முன்னால் மலை ஏறினோம். முடி எடுக்கும் அம்மா, தலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டே என்ன வேண்டுதல் என்று தெலுங்கில் கேட்டாள். நான் பெயிலானதற்கு என்றேன். கத்தி அப்படியே நின்றுவிட்டது. முழுக்கதையும் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். பாஸ் ஆகணும் என்று கையோடு நீயும் ஒன்று வேண்டிக்கொள்ளேன் என்றாள். நான் மாட்டேன் என்றேன். அம்மாவுக்கும் பொண்ணுக்கும் ஒரே சாமி எப்படி வக்காலத்து வாங்குவார்? உன் காசை உண்டியலில் போட்டுவிட்டுக் கீழே இறங்கினேன். அன்றைக்குப் படித்தது போல் நான் என்றைக்கும் படித்ததில்லை.

இவ்வளவு யோசித்தவள் ஒன்றை யோசிக்கவில்லை பார். ஹால் டிக்கெட்டில் இருக்கும் போட்டோவில் இடுப்பு வரைக்கும் பின்னல் போட்டுக்கொண்டு, மல்லிப்பூவோடு உட்கார்ந்திருக்கிறேன். வாசலில் போய் நிற்பதோ சந்தனம் பூசிய மொட்டைத் தலை. சின்னம்மாவுக்குத் தோன்றவில்லை, உன் மருமகனுக்கும் தோன்றவில்லை. லா படிக்கப் போகிறவளுக்கும் தோன்றவில்லை!

வாசலில் இருந்த பெண் போட்டோவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடியும் போட்டோவைப் பார்த்தாள். "இதி மீரேனா?" என்றாள். நான்தான், நான்தான் என்று ஆதார் அட்டையை நீட்டினேன். அதிலும் கொண்டை. தள்ளி நிற்கச் சொன்னாள். எல்லாரும் உள்ளே போகிறார்கள், நான் மட்டும் ஓரமாக நிற்கிறேன். உள்ளே விடவில்லை என்றால் அவ்வளவுதான், சொன்ன வார்த்தைப்படி நான் விட்டுவிட வேண்டியதுதான். நினைத்தபடியே சாதித்துவிட்டாயே என்று உன்னைத்தான் வைதேன். தெருவில் தன் மாங்காய் லோடு வண்டியை நிறுத்திவிட்டு உன் மருமகன் வேறு, "மலையில குடுத்த முடிம்மா அது! எங்க அத்தை வேண்டுதல்!" என்று ஊருக்கே கேட்கக் கத்திக்கொண்டிருந்தார்.

வயசான அதிகாரி ஒருவர் எழுந்து வந்தார். என் தலையைப் பார்த்தார், சிரித்துவிட்டார். திருப்பதியில் உட்கார்ந்துகொண்டு மொட்டையைப் பார்த்து மலைக்கிறாயே என்று அந்தப் பெண்ணைத் தெலுங்கில் கேட்டார். வரிசையில் இன்னும் இரண்டு மொட்டைகள் நின்றிருந்தார்கள், அம்மா! கைரேகை வைக்கச் சொன்னார். பச்சை விளக்கு எரிந்தது. அந்த வெளிச்சத்தைக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

தேர்வை நன்றாகவே எழுதினேன். இந்தத் தரம் கடைசிக் கேள்வி வரைக்கும் போனேன். ரேங்க் வந்தது, கவுன்சலிங் முடிந்தது, சீட்டும் வந்துவிட்டது. சின்னம்மா அழுதுகொண்டே, "அக்கா தோத்துட்டாடி" என்றாள். முடி இப்போது தேங்காய் நார் மாதிரி குத்திக்கொண்டு வளர்கிறது.

எல்லாரும் கொண்டாடுகிறார்கள். திட்டுவதற்குத்தான் ஆள் இல்லை. ஜெயித்துவிட்டு வந்து யார் எதிரில் நிற்பது? ஒரு வாரம் வீட்டுக்குள் சும்மா சும்மா சுற்றிக்கொண்டிருந்தேன்.

போன வாரம் காலேஜ் காகிதத்தில் நோட்டரி கையெழுத்து வாங்க சித்தூர் கோர்ட்டுக்குப் போனேன். மரத்தடியில் உன் வயசு அம்மா ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். எந்த ஊர், எதற்கு முடி எடுத்தாய் என்று விசாரித்தாள். லா படிக்கப் போகிறேன் என்றதும் பிடித்துக்கொண்டாள். "உனக்கு ஏம்மா இந்தப் பொழப்பு? நல்ல குடும்பத்துப் பொண்ணாட்டம் கீற. பொய் பேசி வவுறு கழுவணுமா?" என்று ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது. வேலையை மறந்துவிட்டு அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். "அய்யய்யோ, அழுவாத தாயி, உன்ன சொல்லல" என்றாள். "பரவாயில்லம்மா, நீங்க சொல்லுங்க, இன்னும் சொல்லுங்க" என்றேன்.

கோட்டு போட்ட பிறகும் அந்த மரத்தடிக்குப் போவேன் அம்மா. வக்கீல்களைத் திட்டுகிற எந்த அம்மாவும் திட்டி முடிக்கும்வரை நான் எழுந்திருக்க மாட்டேன். இது உன்மேல் சத்தியம்.

உன் சொல் பேச்சு கேட்காத மகள்,
மஞ்சுளா