ஒவினோ என்று ஒரு பலகை

கிசுமு
ஞாயிற்றுக்கிழமை

என் தங்கமே அமோண்டி,

நீயும் மாப்பிள்ளையும் இன்னும் பெயர் வைக்காத என் பேரனும் சுகமாயிருக்க ஆண்டவர் துணை. இங்கே நான் இருக்கிறேன், மூட்டுவலி என்னோடு இருக்கிறது, ஏரி வழக்கம்போல ஆகாயத்தாமரை மூடிக் கிடக்கிறது. போனில் நீ கேட்டதற்குப் பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன் என்று கோபிக்காதே. பிள்ளை ஓயாமல் அழுகிறான், டாக்டர் ஒன்றுமில்லை என்கிறார், உரிய பெயரைச் சொன்னால் அழுகை நிற்கும் என்ற நம் வழக்கப்படி போய்ச் சேர்ந்தவர்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தோம், தாத்தா பெயருக்கும் அடங்கவில்லை, பெரியப்பா பெயருக்கும் அடங்கவில்லை, தம்பிதான் கனவில் வந்து தொட்டில் பக்கம் நிற்கிறான், அவன் பெயரையே வைக்கட்டுமா என்றாய். தானாக உயிரை விட்டவன் பெயரைப் பிள்ளைக்கு வைக்கக் கூடாது என்பது நம் குலத்தில் எல்லோருக்கும் தெரியும். போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை, அதனால்தான் இந்தக் கடிதம்.

நீ அங்கே போனபின் என் யோகா வகுப்பு என்னவெல்லாம் ஆனது என்று உனக்கு முழுதாகத் தெரியாது. மருந்துக்கடை மாடியில் 'அகேயோ ஸ்லிம்' என்று என் பெயரிலேயே ஆரம்பித்தது நினைவிருக்கும், கல்யாணத்துக்குத் தைத்த உடுப்புக்குள் நுழைய முடியாத பெண்கள்தான் வருவார்கள், பாட்டைச் சத்தமாக வைத்து அவர்களைப் போட்டு வாட்டுவேன். அந்தப் பலகையை எழுதியது ஊருக்கெல்லாம் பலகை எழுதிய உன் தம்பி ஒவினோதான். ஏணியிலிருந்து இறங்கி, "நான் பேரை எழுதிட்டேம்மா, இனி நீ அதுக்குத் தக்கபடி நடந்துக்க" என்று என் வயிற்றைப் பார்த்துச் சிரித்தான், படுபாவி. பிறகு மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் முதுகுவலி என்று வர ஆரம்பித்தார்கள், பாட்டை நிறுத்தினேன், நாற்காலி வாங்கிப் போட்டேன், அவன் பழைய பெயரை அழித்து 'நிமிர்ந்த முதுகு' என்று எழுதினான். அதுதான் அவன் எழுதிய கடைசிப் பலகை. அவனுக்குள் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை அமோண்டி, ஊரார் முதுகெல்லாம் தொட்டுப் பார்த்தவளுக்கு அது தெரியவில்லை.

அவன் போனபின் என்னால் யாரையும் குனி, நிமிர் என்று விரட்ட முடியவில்லை. படுங்கள், மூச்சை விடுங்கள் என்பேன், அவ்வளவுதான். ஒருவர் அழத் தொடங்கினால் அடுத்த பாயிலும் அழுகை கேட்கும். நிமிர்ந்த முதுகு என்று பலகை போட்டுவிட்டு எல்லோரையும் படுக்க வைக்கிறாளே என்று கீழே கடைக்காரர் கேலி செய்தார். அப்போதுதான் விடியற்காலைக் கனவில் அவன் வந்தான், கையில் தூரிகை, சட்டையெல்லாம் பெயின்ட். "ஊர்ல எல்லார் பேரையும் எழுதிட்டேம்மா, என் பேரை எங்க எழுதறது?" என்றான். ஒரு வாரம் பொறுத்தேன், மறுபடி மறுபடி வந்தான். பிள்ளைகளுக்குத்தானே வைக்கக் கூடாது, பலகைக்கு வைத்தால் என்ன என்று தோன்றியது. ஒரு இடம் கொடுத்துவிட்டால் அப்போது உன் வயிற்றிலிருந்த பிள்ளையைத் தேடி வரமாட்டான் என்றும் நினைத்தேன், மறைப்பானேன். 'ஒவினோ' என்று மட்டும் எழுத வைத்தேன்.

உன் சித்தப்பா ஒபுரா மறுநாளே வந்துவிட்டார். "அண்ணி, அந்தப் பேரைக் கூப்பிட்டா அது வந்து உக்காந்துக்கும், அப்புறம் போகாது" என்றார். "வரட்டும், பாய் போட்டுத்தான் வச்சிருக்கேன்" என்றேன். அன்றிலிருந்து அவர் என் வீட்டில் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. உடம்பு இளைக்க வந்தவர்கள் நின்றுவிட்டார்கள். வேறு ஆட்கள் வந்தார்கள், என்னைப்போலவே பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டு வீட்டில் அந்தப் பெயரைச் சொல்ல முடியாத தாய்மார்கள், தூக்கம் போனவர்கள். இப்போது சந்தையில் வாடகை மோட்டார் சைக்கிளில் ஏறுகிறவர்கள், "ஒவினோகிட்ட இறக்கி விடுப்பா" என்கிறார்கள். நாளெல்லாம் என் பிள்ளையின் பெயர் தெருவில் கேட்கிறது. கனவும் நின்றது. எனக்கு நிம்மதி, அதோடு அவன் வராத ஏக்கமும்.

நீ போன் செய்த மறுநாள் விடியலில் திரும்ப வந்தான். கடைசி வரிசைப் பாயில் கண்ணை மூடிப் படுத்திருந்தான். போதுமாடா ராசா என்று கேட்டேன். "பலகை நல்லாத்தாம்மா இருக்கு. ஆனா எல்லாரும் அந்தப் பேரைச் சொல்றாங்க, அந்தப் பேருக்கு 'என்ன'ன்னு திரும்பிப் பாக்க யாருமே இல்ல" என்றான்.  எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது, உனக்கு ஒளிக்கவில்லை. ஆனால் பலகையைக் கொடுத்து அவனை வெளியே நிறுத்தியது போதும், இன்னொரு முறை என்னால் ஆகாது. வை அமோண்டி, அந்தப் பெயரையே வை. குலத்துக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

அங்கே வரும் பக்கத்து வீட்டார் கையில் காய்ந்த ஓமெனா மீன் கொடுத்திருக்கிறேன், நன்றாக அலசிச் சமை, பால் ஊறும். குழந்தை தூங்கும்போது நீயும் தூங்கு. மூவரும் நிறைந்த ஆயுளோடு இருங்கள். ஒன்று மட்டும் மறந்துவிடாதே, பிள்ளையை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடும்போது எனக்குப் போன் போட்டு அவன் பக்கத்தில் வை. அழுகை நிற்கிறதா என்று நானும் கேட்க வேண்டும்.

உன் அம்மா,
அகேயோ