அறையைச் சூடாக்கிய மெஷின்

அன்பு ஷரிபாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். பிள்ளைக்குச் சளி விட்டதா? இந்த மலேசிய மலையூர் பிரிஞ்சாங்கில் நான் நலம். போனில் பேசினால் கடையில் எல்லார் காதிலும் விழும், அதனால் எழுதுகிறேன்.

முதலாளி ஃபரீத், ராப்பகலாக ஓடி கம்ப்யூட்டர் காசு சம்பாதிக்கும் தன் பிட்காயின் மெஷினை, வேலையாட்கள் எங்கள் அறையில்தான் வைத்திருந்தார். இந்த மலைக்குளிரில் அதன் சூட்டில்தான் எங்கள் ஈரத்துணி காயும். போன வாரம் நீ பின்னித் தந்த கம்பளிக் குல்லாவை அதன்மேல் போட்டேன். ஃபேன் அதை உள்ளே இழுத்து, மெஷின் கருகி நின்றுவிட்டது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை, பயப்படாதே.

அவர் திட்டவே இல்லை. "விடுலா, அதுல வர்றது கரண்டு பில்லுக்கே பத்தல. தொடச்சு வித்துடலாம்," என்றார். மறுநாள், "உன் மச்சான் மெஷின் தேடுறான்னியே, நம்பர் குடு," என்றார். நான் கொடுக்கவில்லை. ஆனால் என் போன் அவர் கல்லா மேசையில்தான் சார்ஜ் ஏறுகிறது.

இப்போது மலேசியாவிலிருந்து மலிவாக ஒரு மெஷின் வருகிறது என்று உன் தம்பி அன்சாரி குதிக்கிறானாம். லாபம் தருவதை யார் விற்பார்கள்? அவன் கேட்டால் வளையலைக் கழற்றிக் கொடுத்துவிடாதே.

அறை மறுபடி குளிர்கிறது. இன்னொரு குல்லா பின்னி அனுப்பு. கடை திறக்க வேண்டும், முடிக்கிறேன்.

மெஷின் வந்தால் ஃபேனைக் கழற்றிப் பார். இடுக்கில் நீலக் கம்பளி நூல் இருந்தால், அது நீ பின்னியதுதான்.

நைனா முகம்மது