காய்ச்சல் ரத்தம் சொன்ன பொய்

என்னங்க, இன்றைக்குக் காலையில் பேத்திக்கு ரத்தம் எடுக்க வந்தவர் அவள் கையில் ஸ்பிரிட் தடவினார். நான் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். எத்தனை வருடமானால் என்ன, அந்த வாசனை எனக்கு ஆகவே ஆகாது. இதை மாலை போட்ட உங்கள் படத்திடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

அப்போது மூத்தவன் என் வயிற்றில். மாமல்லபுரத்தில் அம்மா வீட்டுக்குப் போன இடத்தில் குளிர்காய்ச்சல் அடித்துப்போட்டு, அப்போதுதான் எழுந்து நடமாடிக்கொண்டிருந்தேன். செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில், கர்ப்பிணிகள் எல்லோருக்கும் எடுப்பதுபோல எனக்கும் ரத்தம் எடுத்தார்கள். முடிவு கேட்கப் போனபோது, நம் தெருவிலிருந்து அங்கே வேலைக்குப் போகும் ஆயா, வரிசை முழுக்கக் கேட்கும்படி, "இன்னாம்மா, உன் ரத்தத்துல பொம்பள சீக்கு கீதாமே!" என்றாள். பாவி! ஊர் மேயும் ஆம்பிளை வாங்கிவரும் நோய்க்கு எங்கள் பெயரை வைத்தவன் எவனோ, அவன் மட்டும் என் கையில் கிடைத்திருந்தால்!

டாக்டரம்மா உங்களையும் வரவழைத்து ரத்தம் எடுத்தார். உங்களுடையது சுத்தம். அதைக் கேட்டதும் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. உங்களிடமிருந்து வரவில்லை என்றால் எவனிடமிருந்து என்றுதானே கேட்பார்கள்? "மலேரியா வந்துபோன ரத்தம் சில சமயம் இப்படிப் பொய் சொல்லும்மா. காய்ச்சல் நல்லா விடட்டும், மறுபடி பார்க்கலாம்" என்றார் டாக்டரம்மா. பொய்யாக இல்லாவிட்டால்? வயிற்றுப் பிள்ளைக்கும் அது பரவுமாம்.

வீட்டுக்கு வந்தால், ஆயா நமக்கு முன்னாலேயே சேதி அனுப்பியிருந்தாள். உங்கம்மா வாசலை மறித்துக்கொண்டு, "இவ என் வூட்டுக்குள்ள கால் வெக்கக் கூடாது" என்று கத்தினார். நீங்கள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"எனக்குத்தாம்மா அந்தச் சீக்கு. என்னாலதான் அவளுக்கு வந்துச்சு. அவ இன்னா பண்ணுவா?"

உங்கம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அன்றிலிருந்து உங்களுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர்.

அதற்குப் பிறகு நீங்கள் என்னிடம் எதுவுமே கேட்கவில்லை. கேட்டுத் தொலைத்திருக்கலாம். "சாப்ட்டியா? மாத்திரை போட்டியா?" அவ்வளவுதான் பேச்சு. என் முகத்தைப் பார்க்காமல் கண்டக்டர் பையை மாட்டிக்கொண்டு டூட்டிக்குக் கிளம்பிவிடுவீர்கள். நான் வயிற்றில் கைவைத்தபடி, பிள்ளை அசைகிறதா அசைகிறதா என்று பார்த்துக்கொண்டே கிடப்பேன்.

இரண்டாவது தடவை எடுத்ததில் ஒன்றுமில்லை என்று வந்தது. பஸ் ஸ்டாண்டுக்கு ஓடிவந்து சொன்னேன். பஸ் படியிலேயே உட்கார்ந்து, காக்கிச் சட்டைக் கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதீர்கள்.

"வாங்க, உங்கம்மாகிட்ட சொல்லிடலாம்" என்றேன்.

"இன்னான்னு சொல்லுவே? ரத்தம் பொய் சொல்லிச்சுன்னா அம்மா நம்புமா? திரும்ப உன் மேலதான் பாயும். என் மேலயே இருந்துட்டுப் போவட்டும், வுடு."

உங்கம்மா கண்ணை மூடும்வரை அந்தத் தட்டில்தான் சாப்பிட்டீர்கள்.

அன்றைக்கு ஏன் அப்படி அழுதீர்கள் என்று கடைசிவரை நான் கேட்கவில்லை. அத்தனை நாளும் உள்ளுக்குள் என்னைச் சந்தேகப்பட்டீர்களோ என்று நினைத்தால் இப்போதும் எனக்குப் பகீரென்கிறது. என்னை நம்பியிருந்தால், என் புருஷன் எனக்காகப் பேசினார் என்று நிம்மதியாக இருந்துவிடுவேன். சந்தேகத்தை வைத்துக்கொண்டே வாசலில் அப்படிச் சொன்னீர்கள் என்றால், அத்தனை பெரிய மனசை நான் எப்படிங்க தாங்குவேன்?