நாற்பத்தெட்டு கிலோ

பெப்ரவரி 23, ஞாயிறு

மகள் ஏஞ்சலா இன்றைக்கும் மூன்று மணி நேரம் பேஸ்மென்றில் சைக்கிளை மெஷினில் பூட்டி மிதித்தாள். வெளியே முழங்கால் அளவு பனி. அது இல்லாவிட்டாலும் ரொறொன்ரோவில் மலை ஏது? ஏப்ரல் நடுவில் அவளுடைய சைக்கிளோட்டக் குழு ஸ்பெயினுக்கு வரச் சொல்லியிருக்கிறது. முழுக்க மலைப் போட்டி. அதில் நன்றாக ஓடினால்தான் அடுத்த வருட ஒப்பந்தம். பயிற்சியாளர் போனில் நிறையைப் பற்றி ஏதோ சொன்னாராம். "ரெண்டு கிலோ குறைஞ்சால் நல்லம் எண்டு சும்மா சொன்னவர் அப்பா."

சும்மாவா? இருபத்தொரு வருடமாக பஸ் ஓட்டுகிறேன். ஆட்கள் நிறைந்தால் ஏற்றத்தில் பஸ் முக்கும். எனக்குத் தெரியாதா? இருந்து கணக்குப் பார்த்தேன். அவள் ஐம்பத்திரண்டு கிலோ, சைக்கிள் ஏழு. மிதிக்கிற பலம் மாறாமல் ஒரு கிலோ குறைந்தால், அரை மணி நேர ஏற்றத்தில் கிட்டத்தட்ட அரை நிமிடம் மிச்சம். அரை நிமிடத்தில் பத்துப் பேரை முந்தலாம். நாலு கிலோ குறைத்து நாற்பத்தெட்டுக்கு வந்தால் இரண்டு நிமிடம்.

மார்ச் 5, விபூதிப் புதன்

பூசை முடிந்து வரும்போது காருக்குள் ஒரு யோசனை வந்தது. "பிள்ளை, இந்தத் தவக்காலம் நானும் நீயும் ஒண்டாய் ஒறுத்தல் செய்வம். சோறு இல்லை, இனிப்பு இல்லை, இராச்சாப்பாடு இல்லை. ஆண்டவருக்கும் ஆச்சு, மலைக்கும் ஆச்சு."

அவள் சிரித்தாள். "டீல், அப்பா."

பின் சீற்றில் இருந்த என் மனைவி றோசலின், "கடவுளையும் சைக்கிளிலை ஏத்திப்போட்டார் மனுசன்" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் சந்தோசம்தான். மகளும் நானும் சேர்ந்து ஒன்றைச் செய்து எத்தனை காலம்!

மார்ச் 14, வெள்ளி

50.6. ஃபிரிட்ஜ் கதவில் தாள் ஒட்டி, காலைக்குக் காலை அவள் நிறையை நான்தான் எழுதுகிறேன். என் நிறையை யாரும் கேட்பதில்லை. இன்றைக்கு வேலையிடத்தில் இரண்டு மட்டன் ரோல்ஸ் சாப்பிட்டுவிட்டேன். அதுவும் இறைச்சியே தொடக்கூடாத தவக்கால வெள்ளியில்! அவளுக்குச் சொல்லவில்லை.

மார்ச் 23, ஞாயிறு

49.2. பூசை முடிந்து வாசலில் அன்ரனெற் அக்கா பிடித்துக்கொண்டா. "கனடாவிலை பிறந்த பிள்ளை உப்பிடி ஒறுத்தல் செய்யுதே! வளர்த்தால் உப்பிடியெல்லோ வளர்க்கோணும்." நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பெருமையாக இருந்தது, பொய் சொல்லுவானேன்? ஏஞ்சலா அதற்குள் போய்க் காருக்குள் ஏறி, ஹீற்றரைக் கூட்டிவிட்டுக் கையுறையும் கழற்றாமல் இருந்தாள். அவ்வளவு குளிர் இல்லையே.

மார்ச் 31, திங்கள்

48.4. ஆனால் இருபது நிமிடச் சோதனையில் மிதிக்கிற பலம் பதினெட்டு வாட்ஸ் குறைவு. நிறையோடு பலமும் சேர்ந்து இறங்கினால் லாபம் எங்கே? மெஷினில் ஏதோ பிழை.

ஏப்ரல் 4, வெள்ளி

48.0. எட்டிவிட்டோம். "காணும் பிள்ளை, இனிச் சாப்பிடு" என்றேன்.

"இன்னும் தவக்காலம் முடியேல்லையே அப்பா."

நான் கொடுத்த கயிற்றாலேயே என்னைக் கட்டிப்போட்டாள்.

ஏப்ரல் 6, ஞாயிறு

றோசலின் அறைக் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாள்: "பெட்டைக்கு மூண்டு மாசமாய் மாசச்சுகம் வரேல்லை. தெரியுமே உங்களுக்கு?"

மூன்று மாதமா? நாங்கள் தொடங்கி ஒரு மாதம்தானே? அப்படியென்றால் ஜனவரியிலிருந்தே பட்டினி கிடந்திருக்கிறாள். தாய் பார்த்துவிடுவாள் என்று ஒளித்துக் கிடந்திருக்கிறாள். நான் போய் அதற்கு ஆண்டவருடைய பெயரை வைத்துக் கொடுத்திருக்கிறேன். அதற்குப் பிறகு அவளுக்கு ஒளிக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை.

ஏப்ரல் 10, வியாழன்

மெஷினால் இறங்கியவள் காலை ஊன்ற ஏலாமல் படியில் இருந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள். இடுப்பெலும்பில் வெடிப்பு. விழவில்லை, அடிபடவில்லை, சும்மா மிதித்தே வெடித்திருக்கிறது. சாப்பாடு போதாமல் எலும்பு இளகிவிட்டதாம். "எத்தனை நாளாக ஒழுங்காகச் சாப்பிடவில்லை?" என்று டொக்டர் கேட்டா. ஏஞ்சலா என்னைப் பார்த்தாள். டொக்டரும் என்னைப் பார்த்தா.

இருபத்திமூண்டு வயசுப் பிள்ளை. ஐயோ, நான் என்ன வேலை பார்த்து வைச்சிருக்கிறன்? பஸ் எண்டு நினைச்சனோ அவளை? ஆக்களை இறக்கிவிட்டால் ஏறும் எண்டு—

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

ஸ்பெயினுக்கு வேறு ஒரு பிள்ளை போகிறாள். ஃபிரிட்ஜ் தாளைக் கிழித்தேன். சிலுவைப்பாதைக்குப் போகவில்லை. எந்த முகத்தோடு போவது?

ஏப்ரல் 20, உயிர்த்த ஞாயிறு

றோசலின் புரியாணி செய்தாள். என் கையாலேயே ஏஞ்சலாவின் தட்டில் போட்டேன். கரண்டியைத் தூக்கினாள், என் முகத்தைப் பார்த்தாள், திரும்ப வைத்துவிட்டாள்.

"அப்பா, நீங்கள் பார்க்கிறீங்கள்."

"நான் சும்மாதானே பார்க்கிறன் பிள்ளை."

"இல்லை. யூ ஆர் கவுண்டிங்."

ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு எழும்பிப் போய்விட்டாள். அவள் சொன்னது உண்மை. நான் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். இந்தமுறை கூடட்டும் என்றுதான் எண்ணினேன், ஆனால் அவளுக்கு அது எப்படித் தெரியும்?

மே 2, வெள்ளி

ஏஞ்சலாவிடம் சாப்பிட்டாயா என்றும் நான் கேட்கக் கூடாது என்று றோசலின் சொல்கிறாள். வேறு என்னத்தைக் கேட்பது?

மே 25, ஞாயிறு

குழு ஒப்பந்தத்தை நீட்டவில்லை என்று வெள்ளிக்கிழமை கடிதம் வந்தது. ஏஞ்சலா அதைத் தாயிடம் காட்டினாளாம். எனக்கு றோசலின் சொல்லித்தான் தெரியும்.

இப்போது பின்னேரச் சாப்பாட்டு நேரத்தில் நான் வீட்டில் இருப்பதில்லை. கேட்டு ஷிஃப்ற் மாற்றியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லை, ஆகவே காரை எடுத்துக்கொண்டு போய் ஒரு பிளாசாவில் நிறுத்திவிட்டு இருப்பேன். இன்று ஆறரைக்கு றோசலின் போன் எடுத்தாள். மெல்லிய குரலில் கதைத்தாள்.

"இஞ்சேருங்கோ, இப்ப வந்திடாதேங்கோ. ரெண்டாந்தரம் சோறு போட்டுச் சாப்பிடுறாள்."

"என்ன கறி?"

"கணவாய்."

பின்னால் ஏஞ்சலா எதற்கோ சிரித்தது கேட்டது. ஏழரை மணி வரை காருக்குள்ளேயே இருந்தேன்.